கொல்லன் தெருவில் ஊசி

'கொல்லன் தெருவில் ஊசி விற்றாற்போல' என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஊசி அடிப்பவனுடைய வாசலிலேயே நின்றுகொண்டு 'ஊசி வாங்கலையோ ஊசி!' என்று கூவுபவனின் பேதைமையை எண்ணி நகைப்பதற்குப் பிறந்த மொழி அது. ஆனால் அப்பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. விற்கச் சென்றவனின் ஊசி உண்மையிலேயே நல்ல ஊசியாக இருந்தால் கொல்லன் என்ன செய்வான்? நகைத்துவிட்டுக் கதவை அடைத்துக்கொள்வானா? அல்லது அதனை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இதை அடித்தவன் யார்?' என்று வினவுவானா?

2004ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் இத்தகைய விற்பனை ஒன்று தொடங்கியது. கிளாஸ்கோ, ஸ்காட்லாந்து நாட்டின் பெருநகரம். விஸ்கி என்றவுடன் உலகோர் நினைவுக்கு வரும் நாடு ஸ்காட்லாந்து. அந்நகரத்து இந்திய உணவகம் ஒன்றில், பெங்களூரில் வடித்துப் பெங்களூரிலேயே முதிர்வித்த சிங்கிள் மால்ட் விஸ்கியை ஒரு நிறுவனத்தார் முதன்முதலாக அறிமுகம் செய்தனர். புட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர் 'அம்ருத்'. தமிழில் அமிழ்து. கொல்லன் தெருவுக்கு ஊசி வந்துவிட்டது.

மதுவைப் பற்றிய பேச்சை எடுப்பது தமிழாசிரியர்க்கு எளிதன்று. கள்ளுண்ணாமைக்கென்றே திருவள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறட்பாக்களில் அதனைக் கடிந்துரைத்தார். அவ்வதிகாரத்தைக் காலையில் நடத்திய ஆசிரியர், மாலையில் புறநானூற்றைத் திறந்தால், அதியமானும் ஔவையாரும் கள்ளைப் பகிர்ந்துண்ட நட்பை விளக்க வேண்டியிருக்கிறது. யவனர் கலத்தில் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் பாடியிருக்கிறார். மலைவாழ் குறவர் நெடிய மூங்கிற் குழாயில் பெய்து முதிரவிட்ட தேறலைத் திருமுருகாற்றுப்படையும் குறிப்பிடுகிறது. மரத்துள் அடைத்து வைத்தால் மதுவின் சுவை மாறும் என்னும் நுட்பம் தமிழ் மலைகளுக்குப் புதியதன்று என்பதற்கு அதுவே சான்று. சங்கச் சான்றோர் சுவையைக் கண்டனர். வள்ளுவர் விளைவைக் கண்டார். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் மாணவர்க்குக் காட்டுவது கல்வியாகாது. ஆகவே, பெங்களூரிலிருந்து புறப்பட்ட இந்த ஊசியின் கதையையும் இரு கண்களாலும் காண்பதே முறை.

முதலில் பொருளை அறிதல் வேண்டும். முளைவிடச் செய்த வாற்கோதுமை ஒன்றே மூலப்பொருளாக இருத்தல் வேண்டும். ஒரே ஆலையில் அது வடிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் அமைந்த விஸ்கியே சிங்கிள் மால்ட் என்னும் பெயருக்கு உரியது. பார்லி என்று கடைகளில் வழங்கும் வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, ஈரம் காயாமல் பரப்பி முளைகட்டுவர். கேழ்வரகை முளைகட்டி உலர்த்திக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் தாய்மார் அறிந்த கலைதான் இது. முளை அரும்பும்போது தானியத்தினுள் உறங்கிக்கிடந்த நொதிப்பொருள்கள் விழித்தெழுகின்றன. மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. அந்நிலையில் வெப்பமூட்டி உலர்த்தி முளையின் வளர்ச்சியை நிறுத்திவிடுவர். ஸ்காட்லாந்தின் சில பகுதிகளில், சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த 'பீட்' என்னும் மக்கிய கரியை எரித்து அந்தப் புகையில் உலர்த்துவதும் உண்டு. அப்புகையின் மணம் கடைசிவரையில் மதுவை விட்டு நீங்குவதில்லை.

உலர்ந்த முளைத்தானியத்தை அரைத்து, வெந்நீரில் கரைத்து, இனிப்பு நீரைப் பிரித்தெடுத்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைப்பர். நொதித்த நீரைப் பெரிய செம்பு வாலைகளில் இட்டுக் காய்ச்சி வடிப்பர். வடித்ததை மீண்டும் ஒருமுறை வடிப்பர். வாலையிலிருந்து சொட்டும் மது பளிங்குபோல் நிறமற்றிருக்கும். அதை ஓக் மரத்தால் செய்த பீப்பாய்களில் நிரப்பிக் கிடங்கில் உறங்கவிடுவர். பொன்னிறமும், தேனும் பழமும் கலந்தாற்போன்ற மணமும், நாவில் தங்கும் சுவையின் பெரும்பகுதியும் அந்த மரம் தரும் கொடையே. ஸ்காட்லாந்துச் சட்டப்படி மூன்றாண்டுகளேனும் பீப்பாயில் கிடந்தாலன்றி அது விஸ்கி என்னும் பெயரைப் பெறாது. வடிப்பது மனிதன், முதிர்விப்பது மரமும் காலமும்.

இக்கலை இந்தியாவுக்கு வெள்ளையரோடு வந்தது. ஸ்காட்லாந்துக் காரரான ஆங்கஸ் மெக்டவல் என்பவர் 1826ஆம் ஆண்டில் சென்னையில் வணிக நிறுவனம் ஒன்றை நிறுவி, இங்கு வாழ்ந்த ஐரோப்பியர்க்கு மது முதலிய பொருள்களை இறக்குமதி செய்து விற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எட்வர்ட் டையர் என்பவர் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் மதுவாலை கண்டார். தாயகத்தின் குளிரைத் தேடியே அவர் மலையேறினார் எனலாம். 1919இல் அமிர்தசரசு நகரத்து ஜாலியன்வாலா பாகில், அமைதியாகக் கூடியிருந்த மக்கள்மீது சுட ஆணையிட்ட ரெஜினால்ட் டையர் இவருடைய மகனே. அடிமை நாட்டுக்கு அந்நியர் கொணர்ந்த பொருள்களின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறுதான், ஏதோ ஒரு மூலையில் குருதிக்கறை படிந்து கிடக்கிறது.

விடுதலைக்குப் பின்னர் ஆலைகள் இந்தியர் கைக்கு மாறின. எனினும் பெயர்கள் மாறவில்லை. விஸ்கி என்று இந்தியாவில் பெருவாரியாக விற்பனையானவற்றில் பெரும்பாலானவை, கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகாகிய மொலாசசிலிருந்து வடித்த சாராயத்தில் சிறிதளவு மால்ட் விஸ்கியோ, மணமும் நிறமுமோ சேர்த்துச் செய்யப்பட்டவை. தானியத்திலிருந்து வடிக்காததை விஸ்கி என ஏற்க ஐரோப்பிய நாடுகளின் சட்டம் இடந்தரவில்லை. பண்டம் கரும்பின் வழி வந்தது; பெயரோ ஸ்காட்லாந்தின் வழி வந்தது. அந்நாட்டு மக்கள் ஊதும் இசைக்கருவியை நினைவூட்டும் 'பேக்பைப்பர்' என்பது இந்தியாவில் பெரும்புகழ் பெற்ற விஸ்கிப் பெயர்களுள் ஒன்று. ஒரு நாட்டார் தம் கைப்பொருளைத் தம் பெயரால் விற்க நாணிய காலம் அது. கசௌலியில் மால்ட் விஸ்கியை வடித்துக்கொண்டுதான் இருந்தனர். ஆயினும் இந்திய மால்ட் விஸ்கி என்று வெளிநாட்டார்முன் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க துணிவு எழுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

அத்துணிவு பெங்களூரில் பிறந்தது. 1948ஆம் ஆண்டில் இராதாகிருஷ்ண ராவ் ஜக்தாளே என்பவர் அங்கு 'அம்ருத்' என்னும் பெயரில் மதுவாலை ஒன்றைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு அது. பிற ஆலைகளைப் போலவே அதுவும் பிராந்தி, ரம் முதலியவற்றைச் செய்து விற்றுவந்தது. தந்தையின் மறைவுக்குப் பின்னர் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாளே பொறுப்பேற்றார். 1980களில் அவ்வாலையில் வாற்கோதுமை மால்ட்டை வடிக்கத் தொடங்கினர். முதலில் அது தனித்து விற்பதற்கன்று. மற்றச் சரக்குகளோடு கலந்து அவற்றின் தரத்தை உயர்த்துவதற்கே பயன்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கிடங்கில் பீப்பாய்கள் பெருகின. அவற்றைத் திறந்து சுவைத்தவர்கள், கலப்பதற்கென்று வைத்த பொருள் கலவாமலே நிற்கத்தக்கதாக இருப்பதை உணர்ந்தனர். துணையாக நின்றது தலைவனாகும் தகுதி பெற்றிருந்தது.

நீலகண்ட ராவின் மகன் ரக்ஷித் ஜக்தாளே அக்காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் வணிக மேலாண்மை பயின்றுகொண்டிருந்தார். இந்திய சிங்கிள் மால்ட் விஸ்கி பிரிட்டனில் விலைபோகுமா என்பதையே அவர் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். தந்தையின் கனவு மகனுக்குத் தேர்வுக் கட்டுரை ஆயிற்று. புட்டிகளைச் சுமந்துகொண்டு உணவகங்களுக்கும் மதுக்கடைகளுக்கும் சென்று, பெயரை மறைத்துச் சுவைக்கத் தந்து கருத்துக் கேட்டார். கிளாஸ்கோ நகரத்து விஸ்கிக் கடையொன்றிலும் அத்தேர்வு நடந்தது. ஸ்காட்லாந்து விஸ்கிகளோடு ஒப்பவைத்து எண்ணத் தக்கது என்னும் மறுமொழி கிடைத்தது. பெயரைச் சொன்னால் அந்த மறுமொழி கிடைத்திருக்குமா என்பது வேறு வினா. பெயர் தெரியாதபோது நாக்கு நடுநிலை வகிக்கிறது. பெயர் தெரிந்தவுடன் மனம் குறுக்கே வந்துவிடுகிறது. விடைத்தாளில் மாணவன் பெயரை மறைத்துவிட்டுத் திருத்தும் வழக்கம் தோன்றியதும் மனத்தின் இந்தக் குறைபாட்டை அறிந்துதானன்றோ?

அறிமுகம் நிகழ்ந்த பின்னர் வெற்றி ஓடிவந்துவிடவில்லை. பிரிட்டனிலுள்ள இந்திய உணவகங்களை நம்பித்தான் முதலில் இறங்கினர். உணவுண்ண வந்தோர் பீரையே பெரிதும் விரும்பினர். ஆகவே விஸ்கியை நுணுகி ஆராயும் வழக்கமுடைய கடைகளையும் சுவைஞர்களையும் நாட வேண்டியதாயிற்று. அசோக் சொக்கலிங்கம் என்பவர் அந்நாட்களில் நிறுவனத்தில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று இச்சரக்கை எடுத்துரைத்தார். பிற்காலத்தில் வடிப்புப் பணிக்கே பொறுப்பேற்கும் நிலைக்கு உயர்ந்தார். இந்தியாவில் விஸ்கியா, அதுவும் மால்ட்டா என்று வியந்தோர் பலர். அவர்களுடைய வியப்பில் ஐயமும் ஏளனமும் கலந்திருந்தன. அந்த ஐயத்தைச் சொற்களால் போக்க இயலாது. ஒரு துளியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பொறுமையோடு காத்திருப்பதே வழி.

காத்திருந்ததற்குப் பயன் விளைந்தது. விஸ்கிகளைச் சுவைத்து மதிப்பெண் இட்டு ஆண்டுதோறும் நூல் வெளியிட்டுவந்த ஆங்கிலேயர் ஜிம் மரே, 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்ருத்துக்கு நூற்றுக்கு 82 மதிப்பெண் அளித்தார். 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் 'அம்ருத் ஃபியூஷன்' என்னும் விஸ்கிக்கு 97 மதிப்பெண் அளித்து, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அந்த ஃபியூஷன், இந்திய வாற்கோதுமையையும், பீட் புகையில் உலர்த்திய ஸ்காட்லாந்து வாற்கோதுமையையும் தனித்தனியே வடித்து முதிரவிட்டுப் பின்னர் ஒன்று சேர்த்தது. அயலார் முறையை வெறுத்து ஒதுக்கவுமில்லை, அப்படியே படியெடுக்கவுமில்லை. இரண்டு மண்ணையும் ஒரு புட்டிக்குள் சந்திக்க வைத்தனர். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இந்த மதுவை அதன் சொந்த ஊராகிய பெங்களூரில் விற்பனைக்குக் கொணர்ந்ததும் 2010ஆம் ஆண்டில்தான். அயலூர் மெச்சிய பிறகே உள்ளூர் திரும்பிப் பார்த்தது. திறமைக்கு நேரும் இந்த நிலை மதுவுக்கு மட்டும் உரியதன்று. கலைஞர்க்கும் அறிஞர்க்கும் மொழிக்கும் உண்டு.

இவ்வெற்றியின் உள்ளே ஒரு பௌதிகம் இருக்கிறது. அதனை அறிந்தால்தான் பெங்களூர்க்காரர்கள் செய்ததன் அருமை விளங்கும். பீப்பாயினுள் உறங்கும் விஸ்கி, மரத்தின் நுண்துளைகள் வழியே ஆண்டுதோறும் சிறிது ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். ஸ்காட்லாந்து மக்கள் இந்த இழப்பைக் கண்டு வருந்துவதில்லை. 'தேவதைகளின் பங்கு' என்று அழகிய பெயரிட்டு விட்டுக்கொடுத்துவிட்டனர். அங்குத் தேவதைகள் அடக்கமானவை. ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கோடு நிறைவடைகின்றன. கடல்மட்டத்திற்கு 900 மீட்டர் உயரத்தில் இதமான காற்று வீசும் நகரமென்று பெங்களூர் பெயர் பெற்றிருந்தாலும், ஸ்காட்லாந்தை நோக்க அது வெப்ப நாடே. அங்குத் தேவதைகள் நூற்றுக்குப் 10 பங்குக்கும் மேலாகக் கொண்டுபோகின்றன.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 200 லிட்டர் கொண்ட பீப்பாயை ஸ்காட்லாந்தில் 12 ஆண்டுகள் வைத்திருந்தால், ஆண்டுக்கு 2 விழுக்காடு கழிந்து, ஏறத்தாழ 157 லிட்டர் எஞ்சும். அதே பீப்பாயைப் பெங்களூரில் வைத்து, ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றே கொண்டாலும், 12 ஆண்டுகளின் முடிவில் எஞ்சுவது ஏறத்தாழ 56 லிட்டர்தான். நாலில் மூன்று பங்கு வானம் குடித்துவிடும். இவ்வளவு இழப்பைத் தாங்கி எந்த வணிகன் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருப்பான்? வெப்ப நாட்டில் நல்ல மால்ட் விஸ்கி விளையாது என்று பலர் எண்ணியதற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.

ஆனால் வெயில் ஒரு கையால் பறித்ததை மறு கையால் தந்தது. வெப்பத்தில் மது விரிந்து மரத்தின் உள்ளே ஊடுருவுகிறது. குளிரில் சுருங்கி, மரத்தின் சாற்றோடு வெளியே வருகிறது. இந்தப் போக்குவரவு வெப்ப நாட்டில் விரைந்து நிகழ்கிறது. ஆகவே நான்கைந்து ஆண்டுகளிலேயே அவ்விஸ்கி, குளிர் நாட்டில் பல மடங்கு ஆண்டுகள் கிடந்ததற்கு ஒப்பான நிறமும் செறிவும் பெறுகிறது. நெடுநாள் விட்டுவைத்தாலோ மரத்தின் கசப்பு மேலோங்கி மதுவைக் கெடுத்துவிடும். எந்த நாளில் பீப்பாயைத் திறப்பது என்று அறிவதே வடிப்போரின் திறம். 2013இல் அம்ருத் ஆலையினர் எட்டாண்டுகள் முதிர்ந்த விஸ்கியை வெளியிட்டபோது, அதற்குப் 'பேராசை பிடித்த தேவதைகள்' என்று பொருள்படும் பெயரிட்டனர். இழப்பையே பெயராக்கிப் புட்டியின்மேல் ஒட்டியதில் நகைச்சுவையும் இருந்தது, தன்னம்பிக்கையும் இருந்தது.

ஆண்டைக்கொண்டே முதிர்ச்சியை அளந்துவந்த உலகம் இதனால் தன் அளவுகோலைச் சற்றே திருத்திக்கொள்ள நேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டு, பதினெட்டு ஆண்டு என்று சீட்டில் அச்சிட்டு விலை கூட்டும் வழக்கத்திற்கு எதிரில், ஆண்டே குறிக்காத புட்டியொன்று நிமிர்ந்து நின்றது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் அனைவரும் ஒரே ஆண்டில் ஒரே அளவு முதிர்வதில்லை என்பதை ஆசிரியர் அறிவர். நிழலில் வளர்ந்த செடியும் வெயிலில் வளர்ந்த செடியும் ஒரே கணக்கில் அடங்கா. கடுமையான சூழலில் பிறந்த பிள்ளை சில வேளைகளில் விரைந்து முதிர்கிறது. அதற்கு அது கொடுக்கும் விலையும் பெரிது. பீப்பாயில் குறைந்துபோன அளவைப்போல, அந்தப் பிள்ளையின் இளமையிலும் ஏதோ ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது.

ஒருவர் நடந்த தடத்தில் பின்னர்ப் பலர் நடந்தனர். 2012ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து 'பால் ஜான்' என்னும் சிங்கிள் மால்ட் பிரிட்டனுக்குச் சென்றது. அதன் பீப்பாய்கள் அரபிக் கடற்கரை நாட்டின் ஈரக்காற்றில் முதிர்பவை. உத்தரப்பிரதேசத்து இராம்பூரில் 1943 முதல் இயங்கிவந்த ஆலை, 2016இல் தன் ஊர்ப்பெயரையே இட்டுச் சிங்கிள் மால்ட்டை வெளியிட்டது. அங்குக் கோடை சுட்டெரிக்கும். குளிர்காலம் நடுங்க வைக்கும். 2021ஆம் ஆண்டில் அரியானா மாநிலத்தின் இந்திரி என்னும் சிற்றூர் தன் பெயரால் ஒரு விஸ்கியை உலகுக்கு அனுப்பியது. அதன் தீபாவளிச் சிறப்புப் பதிப்பு 2023இல் அமெரிக்காவில் நடந்த 'உலக விஸ்கிகள்' போட்டியில் அனைத்திலும் சிறந்தது என்னும் பரிசைப் பெற்றது. இந்திய மதுத்தொழில் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி, அதே ஆண்டில் இந்தியாவில் விற்பனையான சிங்கிள் மால்ட் விஸ்கிகளில் பாதிக்குச் சற்று மேலானவை இந்தியாவில் செய்தவையே.

இப்புட்டிகளின் பெயர்களைச் சற்று உற்று நோக்குதல் தகும். அம்ருத், இராம்பூர், இந்திரி: வேற்று நாட்டுக் குலப்பெயரோ இசைக்கருவியோ இவற்றில் இல்லை. வட இந்திய வயல்களில் விளையும் ஆறுவரிசை வாற்கோதுமையும் இவ்வாறே மதிப்புப் பெற்றது. ஸ்காட்லாந்து மதுவாலைகள் விரும்பும் இருவரிசைக் கதிரைவிட அதில் மணி சிறியது, உமி மிகுதி, மாவுப்பொருள் குறைவாதலால் வடிக்கும்போது கிடைக்கும் மதுவும் குறைவு. கணக்குப் பார்ப்பவன் அதனைக் குறை என்பான். நாவறிந்தவன் அதிலே தனிச்சுவை காண்கிறான். தன் மண்ணின் தானியம், தன் ஊரின் வெயில், தன் மொழியின் பெயர் ஆகிய மூன்றையும் குறையென்று மறைக்காமல் முன்வைத்த பிறகே பெருமை வந்தது. நீலகண்ட ராவ் ஜக்தாளே 2019ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். தாம் திறந்த வழியில் பிறரும் நடப்பதைக் கண்ட பின்னரே அவர் கண்மூடினார்.

இதுவரை ஒரு கண் கண்ட காட்சி. மறு கண்ணையும் திறந்தாக வேண்டும்.

அமிழ்து பிறந்த கதையைத் தமிழ்நாட்டுச் சிறுவர் அனைவரும் கேட்டிருப்பர். தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடைந்தனர். அமிழ்து எழுந்த அதே கடலிலிருந்துதான் ஆலகால நஞ்சும் எழுந்தது. இந்திரியின் விஸ்கி உலகப் பரிசு பெற்ற மறு ஆண்டு, 2024 ஜூன் திங்களில், தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அன்றாடக் கூலிக்கு உழைத்த ஏழைகள். செம்பு வாலையில் பக்குவமாக வடித்து ஓக் பீப்பாயில் உறங்கவைத்த மதுவும், உறைகளில் அடைத்து மறைவாக விற்ற அந்த நஞ்சும் ஒன்றல்ல என்று தொழிலறிந்தோர் கூறுவர். அது முற்றிலும் உண்மை. ஒரு புட்டி சிங்கிள் மால்ட்டின் விலை அந்தக் கூலித் தொழிலாளியின் பல நாள் ஊதியம் என்பதும் உண்மை. ஆனால் கிண்ணத்தின் விலை கூடினாலும் குறைந்தாலும், அதை நோக்கி நீளும் கையின் நடுக்கம் ஒன்றே. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம், மதுவில் உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என அறிவித்தது. அந்த அறிவிப்பு பரிசு பெற்ற புட்டிக்கும் பொருந்தும்.

இந்திய அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, மதுவிலக்கைக் கொணர முயல்வது அரசின் கடமை என்கிறது. அதற்கு முன்னரே, 1937இல், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கடல் கடந்து உழைக்கச் சென்ற தமிழரும் இந்நோயை அறியாதவர் அல்லர். மலாயாவில் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு கேட்டதோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கோரினர். தம் கையிலிருந்து காசு எங்கே போகிறது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் மதுத்தொழிலின் வெற்றிக் கதையைப் படிக்கும்போது, பெருமையோடு ஒரு நெருடலும் எழுவது இயல்பே. அந்த நெருடலை அடக்கிவிடவேண்டியதில்லை. அது பாட்டன் பாட்டியர் பட்ட பாட்டின் நினைவு.

அங்ஙனமாயின் ஆசிரியன் மாணவனுக்குச் சொல்லவேண்டியது யாது? இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதா? விட்டுவிட்டால், ஒரு குடும்பத்தார் தம் ஊர் வெயிலைக் குறையென்று நொந்துகொள்ளாமல், அதன் இயல்பை அறிந்து அதனோடு உழைத்த உழைப்பையும் மறைத்ததாகும். ஏளனத்திற்குச் சொற்களால் மறுமொழி கூறாமல் பொருளின் தரத்தால் கூறிய பொறுமையையும், பிறர் பெயரைக் கடன் வாங்காத மானத்தையும் மறைத்ததாகும். சொல்லிவிட்டு வள்ளுவரை மறந்தாலோ, கள்ளக்குறிச்சியில் கணவனையும் மகனையும் இழந்த பெண்களுக்குச் செய்யும் தீங்காகும். ஆகவே இரண்டையும் சொல்ல வேண்டும். ஒரே பாடவேளையில், ஒரே குரலில் சொல்ல வேண்டும். உழைப்பின் முறையைக் கற்றுக்கொண்டு கிண்ணத்தைக் கீழே வைத்துவிடும் தெளிவு மாணவனுக்கு வரும்வரையில் சொல்ல வேண்டும்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கச் சென்றவன் பேதை அல்லன் என்பதை 2004ஆம் ஆண்டின் அந்த ஆகஸ்டு நாளுக்குப் பின்வந்த ஆண்டுகள் காட்டிவிட்டன. கொல்லனே ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'நன்று' என்றான். பழமொழியின் நகைப்பு அன்றோடு பாதி குறைந்தது. ஆயினும் ஊசியின் இயல்பு மாறிவிடவில்லை. அது கிழிந்ததைத் தைக்கவும் செய்யும். விரலில் ஏறிக் குருதி கசியவும் செய்யும். அடித்தவனின் திறத்தை மெச்சும் கண், அதன் கூரையும் மறவாதிருத்தல் வேண்டும்.